பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்ற இங்கிலீஷ் வண்டி

பிள்ளைகளா, நான் வெளிநாடு போனவன் இல்லை. ஆனால் வெளிநாட்டில் செய்த மோட்டார் சைக்கிளில் தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டைத் தாண்டிப் போயிருக்கிறேன். பஸ்ஸில் போனால் இரண்டு மணி நேரம். நான் வியாழக்கிழமை மத்தியானம் புறப்பட்டு சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தேன். விமானம் ஏறியிருந்தால் அதற்குள் அந்த வண்டியைச் செய்த ஊருக்கே போய்த் திரும்பியிருக்கலாம்.

எனக்குத் தொழில் பைபர் படகு ஒட்டுவது. பாறையில் உரசியோ, படகோடு படகு மோதியோ ஓட்டை விழுந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பைபர் துணி வைத்து, ரெசின் என்ற பசையைத் தடவி அடைத்துக் கொடுப்பேன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. மோட்டார் சைக்கிள் எனக்குத் தொழில் இல்லை, ஆசை. உப்புக் கம்பெனி ஒன்றில் பழைய கொட்டகையைப் பிரித்தபோது ஓலைக்கடியில் இந்த வண்டி கிடந்தது. "நீரு எடுத்துட்டுப் போனா எங்களுக்கு இடம் காலியாவும்" என்று கொடுத்துவிட்டார்கள். என் அப்பா வயது இருக்கும் அதற்கு. டாங்கியில் இருந்த பெயர்த் தகட்டை உப்புக்காற்று தின்றுவிட்டது. கியர் வலது காலில், பிரேக் இடது காலில், இப்போதைய வண்டிகளுக்கு நேர் தலைகீழ். இரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து வந்து உட்கார்ந்து அதை ஓட வைத்தேன். ஓட வைத்தேன் என்றால் வீட்டிலிருந்து துறைமுகச் சாலை வரைக்கும். மூன்று கிலோமீட்டர்.

என் மகள் ஜெனி மணப்பாட்டுக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊரில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியில் என்ஜின் படம் ஒன்றை அட்டையில் வரைந்து வைத்திருந்தாள். எதிர் மேசையில் ஒரு பிள்ளை வைத்த எரிமலை நுரையாகக் கக்கியது. ஊரே எரிமலையைப் பார்த்தது. ஜெனியின் படத்தை நானும் அவள் அம்மாவும் பார்த்தோம். அதனால் இந்த வருடம் படம் வேண்டாம் என்று, "ஓடும் என்ஜின்" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அறிவியல் டீச்சர் அவளிடம், "சனிக்கிழமை பத்து மணிக்கு என்ஜின் ஓடணும். ஓடலன்னா ஒனக்கு மேசை கெடையாது, பேர அடிச்சிருவேன்" என்று சொல்லியிருந்தார்.

"குட்டியானையில ஏத்திட்டுப் போங்க" என்றாள் என் மனைவி ரோஸி. குட்டியானை என்றால் சின்ன லாரி.

"ஓடுற என்ஜின லாரியில ஏத்திட்டுப் போனா, அதுக்குப் பேரு ஓடுற என்ஜினா?" என்று கேட்டேன்.

அவள் ஜெனிக்கு எங்கள் ஊர் முந்திரிப் பலகாரமான மக்ரூனை ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் கண்ணைத் திறக்க முடியாது. வண்டி தம் தம் என்று அருமையாகப் போனது. அதைப் பார்ப்பதற்கென்றே எதிரே வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். நானும் குனிந்து கும்பிடாத குறைதான். பத்தாவது கிலோமீட்டரில் அது ஒரு தடவை இருமியது. அப்புறம் தும்மியது. அப்புறம் நின்றது.

உப்புக்குவியல் பக்கத்தில் வேலை செய்த இரண்டு பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள்.

"ஏளா, இங்கன வந்து பாரேன். இது வண்டியாளா?"

"நான் தண்ணி இறைக்கிற மிஷினுன்னுல்லா நெனச்சேன்." இரண்டாவது பெண் என்னைப் பார்த்து, "பெட்ரோல் இருக்கா அண்ணாச்சி?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டியவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? டாங்கி மூடியைத் திருகித் திறந்து காட்டினேன். இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். "இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

அதற்குள் உப்பு ஏற்ற வந்த லாரியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். பெரிய மீசை. "பிளக்கு" என்றார், வண்டியைத் தொடாமலே. பிளக் என்பது என்ஜினுக்கு உள்ளே தீப்பொறி வைக்கிற சின்னச் சாமான். அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, மறுபடி பூட்டினார். நான் மூடியை மூடிவிட்டு உதைத்தேன். ஒரே உதை, வண்டி பிடித்துக்கொண்டது.

"பாத்தியளா? வியாதி எதுன்னு கண்டுபிடிக்கணும். அதுதான் வேல" என்றார் டிரைவர். "ஒரு ரவுண்டு போயிட்டு வாரேன்" என்று ஏறியும் விட்டார். கியர் எந்தக் காலில் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டார். பிரேக் என்று நினைத்து அவர் மிதித்தது கியரை. வண்டி நேராக உப்புக்குவியலில் ஏறியது. வண்டிக்கும் குவியலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் மட்டும் கருவாடு போடத் தயாரான மீன் மாதிரி எழுந்து வந்தார். அவருக்கு நாலு மக்ரூன் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆற்றுப்பாலம் தாண்டினால் ஆத்தூர். பாலத்துக்கு இந்தப் பக்கம் வெள்ளை வெளேர் என்று உப்பு, அந்தப் பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடியுமாகப் பச்சை. எங்கள் ஊரில் நிழல் வேண்டுமென்றால் லாரிக்கு அடியில்தான் உட்கார வேண்டும். இங்கே சாலை முழுக்க நிழல். அந்த நிழலில் வண்டி மறுபடி இருமி, தும்மி, நின்றது. நல்லவேளை, ஒரு ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றது.

ஒர்க்‌ஷாப்காரர் பெயர் முருகேசன். வாசல் பெஞ்சில் வேலை எதுவும் இல்லாத நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியைக் கண்டதும் நாலு பேருக்கும் வேலை வந்துவிட்டது.

"இது மிலிட்டரி வண்டில்லா."

"ஏலே, மிலிட்டரி வண்டின்னா பச்ச கலருல்லா இருக்கும்?"

"பெயிண்டு உரிஞ்சி போச்சு போல. அண்ணாச்சி, பெட்ரோல் இருக்கா?"

மறுபடியும். பல்லைக் கடித்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். நாலு தலை உள்ளே பார்த்தன. ஒருவர் வண்டியை ஆட்டி, சலசல என்ற சத்தத்தையும் கேட்டுத் திருப்தியானார்.

முருகேசன் அண்ணாச்சி பொறி வருகிற பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கண்டன்சர் என்ற சின்னக் குப்பியை ரொம்ப நேரம் பார்த்தார். "கண்டன்சர் சூடு தாங்கல. பத்து கிலோமீட்டர் ஓடுனா சூடாயி மயக்கம் போட்டுருது. ஆறுனா எந்திரிச்சிருது" என்றார். கேட்பதற்கு அவ்வளவு நியாயமாக இருந்தது. வேறொரு வண்டியின் கண்டன்சரை வெளியே வைத்து, வயர் இழுத்துக் கட்டத் தொடங்கினார். பாதியில் பொழுது சாய்ந்தது. "மீதி காலைல" என்று கையைக் கழுவிவிட்டார்.

ராத்திரி பரோட்டா. எங்கள் ஊரில் பரோட்டாவை எண்ணெயில் பொரித்துத் தருவார்கள், கடித்தால் பக்கத்து மேசைக்குக் கேட்கும். இங்கே மெத்தென்று இருந்தது. பசிக்கு அதுவும் நல்லதுதான். சாப்பிட்டுவிட்டு விடுதிக்குப் போன் போட்டேன். பிள்ளைகளிடம் போனைத் தரமாட்டார்கள், சேதியை மட்டும் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் சொல்லிவிடுவார்.

"ஆத்தூரா?" என்றார் சிஸ்டர். "காலைல இருந்து ஆத்தூர்தான் வந்திருக்கீங்களா?"

"மத்தியானத்துல இருந்து, சிஸ்டர்."

வெள்ளிக்கிழமை காலையில் வேலை முடிந்தது. ஒரே உதையில் வண்டி பிடித்துக்கொண்டது. "இனிமே இது நின்னுச்சுன்னா நான் என் பேர மாத்திக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. காயல்பட்டினத்தில் வண்டி நின்றது. அண்ணாச்சிக்கு இப்போது என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

காயல்பட்டினத்தில் தெருவெல்லாம் சுத்தமாக, ஆளே இல்லாமல் கிடந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு எல்லாரும் போயிருந்தார்கள். ஒரு வீட்டு நிழலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். தொழுகை முடிந்து வந்த அந்த வீட்டுக்காரர் ஜமால் காக்கா, வண்டியைப் பார்த்ததும் என்னை மறந்துவிட்டார். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். வெளிநாட்டில் இருபது வருடம் ரத்தினக் கல் வியாபாரம் பார்த்தவராம்.

"மொதல்ல சோறு. வெறும் வயித்துல என்ஜின் விளங்காது" என்று உள்ளே கூட்டிப் போனார். நெய்ச்சோறும், கத்தரிக்காய் மாங்காயும், கறியும். சாப்பிட்டுக்கொண்டே அவர் லண்டனில் இருக்கும் மருமகனைப் போனில் பிடித்தார். மருமகனின் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வெள்ளைக்காரர், இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர். கொஞ்ச நேரத்தில் அந்த வெள்ளைக்காரரே போனில் தெரிந்தார். அங்கே காலை நேரம், கையில் தேத்தண்ணீர்க் கோப்பை, கம்பளிச் சட்டை. என் வண்டியைக் காட்டியதும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஏதோ சொன்னார். கண் கலங்கியது மாதிரி இருந்தது.

"என்ன சொல்லுதாரு?"

"அழகின்னு சொல்லுதாரு."

"அடுத்து?"

ஜமால் காக்கா காதைக் கொடுத்துக் கேட்டார். தயங்கினார். "அவரு கேக்குறாரு, பெட்ரோல் இருக்கான்னு."

கடல் தாண்டியும் அதே கேள்வி! உலகம் முழுக்க என்னைப் பற்றி இதே நினைப்புத்தான் போலிருக்கிறது. மூடியைத் திறந்து, போனை டாங்கிக்கு மேல் பிடித்து, இங்கிலாந்துக்கே காட்டினேன். "குட், குட்" என்றார் அவர். அது எனக்கே புரிந்தது.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல, ஜமால் காக்கா தமிழில் சொல்லச் சொல்ல, நான் செய்தேன். பொறி விழுகிற நேரம் முந்தியோ பிந்தியோ இருக்கிறதாம். அதைப் பார்க்க ஒரு சிகரெட் தாள் வேண்டும் என்றார். அந்த வீட்டில் சிகரெட் இல்லை. அல்வாப் பெட்டிக்குள் போட்டிருந்த மெல்லிய தாளைக் கிழித்து வைத்துப் பார்த்தோம். "அவரு சொல்லுதாரு, பொறுமையா இருக்கணுமாம். வண்டி நம்மகிட்ட பேசுமாம். நாமதான் காது குடுக்கணுமாம்." ஒரு மணி நேரம் அல்வாத் தாளோடு காது கொடுத்தோம். கடைசியில் மூடியைப் பூட்டி உதைத்தேன். பிடித்துக்கொண்டது. லண்டனில் கை தட்டினார்கள். காயல்பட்டினத்திலும் தட்டினார்கள். தேத்தண்ணீரோடு சூடாக வாடா கொடுத்தார்கள், பொரித்த பலகாரம். எங்கள் மக்ரூன் வாயில் வைத்ததும் கரையும், இது கடித்ததும் பேச்சை நிறுத்தும். பாதி டப்பா மக்ரூனை அங்கே கொடுத்துவிட்டேன்.

திருச்செந்தூரில் பச்சை வேட்டி கட்டிய பக்தர்கள் கூட்டத்துக்கு நடுவே வண்டி தம் தம் என்று போனது. நிற்கவே இல்லை. எனக்குள்ளே ஒரு ராஜா உட்கார்ந்துவிட்டான். ஊரைத் தாண்டி ஆலந்தலைப் பக்கம் போனபோது ராஜா கீழே இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று.

பாதயாத்திரை வந்த ஒரு கூட்டம் சுற்றி நின்றது. அதில் ஒருவர் ரொம்ப அன்பாக வாயைத் திறந்தார். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சாமி, பெட்ரோ..."

"அத மட்டும் கேக்காதிய!" என்று கத்திவிட்டேன். "டாங்கி நெறைய கெடக்கு. ஆட்டிப் பாரும், கேக்கும். மூடியத் தொறக்க மாட்டேன்!" என் பையை எடுத்து டாங்கி மூடி மேல் வைத்துக் கட்டியும் விட்டேன். பாவம், அவர் இரண்டடி பின்னால் போய், "கேக்கலே சாமி" என்றார்.

பிளக் பார்த்தேன், நன்றாக இருந்தது. பொறி நீலமாகத் தெறித்தது. உதைத்தேன், உதைத்தேன், கால்தான் வீங்கியது. கடைசியில் டாங்கியிலிருந்து என்ஜினுக்குப் போகிற குழாயைக் கழற்றினேன். நாலு சொட்டுப் பெட்ரோல் விழுந்தது, நின்றுவிட்டது. டாங்கி நிறைய இருக்கிறது, குழாயில் வரமாட்டேன் என்கிறது. கண்ணெதிரே நடந்தும் எனக்குப் புரியவில்லை. ஆறினால் எழுந்திரிக்கும் என்றார்களே, ஆறியும் எழுந்திரிக்கவில்லை. குழாயை மறுபடி மாட்டி இருட்டும்வரை உதைத்துவிட்டு, ஒரு மூடிய பலகாரக்கடை வரை தள்ளிக்கொண்டு போய், பக்கத்தில் சிலுவை நிற்கிற குருசடியில் துண்டை விரித்தேன்.

அன்றைக்கு ராத்திரி நான் போன் போட்டதும் சிஸ்டர் போனை ஜெனியிடமே கொடுத்துவிட்டார். முந்தின நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் சிஸ்டர் "ஜெனி அப்பா இப்ப இந்த ஊர்ல" என்று அறிவிப்பதும், பிள்ளைகள் எல்லாம் வரைபடத்தில் என்னைத் தேடுவதுமாக இருந்திருக்கிறது.

"அப்பா" என்றாள். குரல் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வண்டிய அங்கனயே போட்டுட்டு பஸ்ஸுல வந்துருங்க. நான் படத்தையே வச்சுக்கிடுதேன். எனக்கு மேசை இல்லாட்டாலும் பரவால்ல."

"காலைல பத்து மணிக்கு வண்டியோட வருவேன் ஜெனி" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

சனிக்கிழமை விடியும்போது பலகாரக்கடை அக்கா வந்து அடுப்பு மூட்டினார். பெயர் செல்வி. அவர் தந்த டீயைக் குடித்துக்கொண்டே வண்டியை முறைத்துப் பார்த்தேன். வண்டியும் என்னை முறைத்தது. உதைத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை.

செல்வியக்கா வடை சுட ஒரு புது எண்ணெய் டின்னைத் தூக்கி வைத்தார். ஆணியை வைத்துக் கல்லால் ஒரு தட்டு, மூலையில் ஓட்டை விழுந்தது. சட்டிக்குச் சரித்தார். எண்ணெய் களக் என்று கொஞ்சம் வந்தது, நின்றது. மறுபடி களக். நின்றது. அக்கா டின்னை நிமிர்த்தி, எதிர் மூலையில் இன்னொரு ஓட்டை போட்டார். சரித்தார். எண்ணெய் கயிறு மாதிரி இறங்கியது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"என்ன தம்பி, எண்ண டின்ன பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்கிய?"

"அக்கா, அந்த ரெண்டாவது ஓட்ட எதுக்கு?"

"எதுக்கா? காத்து உள்ள போவாண்டாமா? காத்து போனாத்தான எண்ண வெளிய வரும்? எந்த ஊரு ஒமக்கு?"

"தூத்துக்குடி."

"கப்பலெல்லாம் வருதுன்னு சொல்லுதாவ" என்று அக்கா வடையைத் தட்டிப் போட்டார்.

பையை அவிழ்த்து எறிந்துவிட்டு டாங்கி மூடியைத் திருகினேன். "ஸ்ஸ்ஸ்" என்று டாங்கி ஒரு பெருமூச்சு விட்டது. பார்த்தீர்களா பிள்ளைகளா, ராத்திரி முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறது. மூடியைப் பூட்டாமல் உதைத்தேன். ஒரே உதை. தம் தம் தம்.

இப்போது நான் உங்களிடம் ஒரு பாவத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். புறப்படுவதற்கு முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம், வண்டியைத் துடைத்தபோது டாங்கி மூடியில் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை கண்ணில் பட்டது. துரு தின்ற ஓட்டை என்று நினைத்தேன். கடற்கரைச் சாலை, உப்புத்தூசி, மழை வந்தால் தண்ணீர் வேறு போகும். இருபது வருடமாக ஓட்டையைக் கண்டால் அடைக்கிற கை இது. படகில் இவ்வளவு சின்ன ஓட்டையை விட்டால்கூட நடுக்கடலில் ஆள் தவிக்க வேண்டும். ஒரு சொட்டு ரெசின் விட்டு, ஊதி, காயவைத்து, விரலால் தடவியும் பார்த்துக்கொண்டேன். அது டாங்கி காற்று வாங்குகிற ஓட்டை. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. பத்து கிலோமீட்டர் வரை இழுத்துப் பார்க்கும், அப்புறம் நின்றுவிடும்.

அப்படியென்றால் நடுவில் எப்படி ஓடியது? பிளக் தேய்த்ததாலா? கண்டன்சராலா? அல்வாத் தாளாலா? ஒன்றும் இல்லை. "பெட்ரோல் இருக்கா" என்று யாராவது கேட்டார்கள். நான் கோபத்தோடு மூடியைத் திறந்தேன். காற்று உள்ளே போனது, அவ்வளவுதான். நான் அவமானம் என்று நினைத்த கேள்விதான் ஒவ்வொரு தடவையும் மருந்து. அந்த மருந்தை வேண்டாம் என்று நான் பை கட்டி மறைத்த இடத்தில் வண்டி எழுந்திருக்கவே இல்லை.

மூடியை மட்டும் தனியாக அடுப்புப் பக்கம் கொண்டுபோய், செல்வியக்காவின் கோணி ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தினேன். லேசில் போகவில்லை. என் கைவேலை அப்படி. மூன்றாவது குத்தில்தான் விட்டுக்கொடுத்தது. அக்காவுக்கு மீதி மக்ரூனைக் கொடுத்தேன். வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயும் காத்துதான் இருக்கு" என்றார்.

குலசேகரன்பட்டினம், மணப்பாட்டு மேட்டுக் கோயில், எல்லாம் காற்றாய்ப் பறந்தன. ஒன்பதே முக்காலுக்குப் பள்ளிக்கூட வாசல். விடுதிப் பிள்ளைகள் சுவர் மேல் நின்று, "ஜெனியப்பா வந்துட்டாங்க!" என்று கத்தினார்கள், ஏதோ நான் நிலாவிலிருந்து வந்த மாதிரி.

ஜெனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் திட்டவில்லை. மூடியைக் கையில் வாங்கி, ஓட்டை வழியாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் அட்டையைத் திருப்பிப் போட்டு, "நல்ல என்ஜின் ஏன் நின்றது?" என்று பெரிதாக எழுதினாள்.

டீச்சர் வந்தார். "ஓடும் என்ஜின்னுதானே எழுதிக் குடுத்த?"

"ஓடும் மிஸ். ஓடி முடிச்சுட்டு நிக்கும்."

டாங்கியை விளிம்பு வரை நிரப்பச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். "மேல காத்து கொஞ்சமா இருந்தாத்தான் சீக்கிரம் நிக்கும்பா" என்றாள். எனக்கு இது தோன்றவே இல்லை. மூடியின் ஓட்டையில் டேப்பை ஒட்டி, அலங்காரத்துக்கு வைத்த ஒரு காகிதப்பூவால் மறைத்தாள்.

நடுவராக ஒரு பாலிடெக்னிக் வாத்தியார், கூட இரண்டு பேர். என்ஜின் எப்படிக் காற்றையும் பெட்ரோலையும் இழுத்து, நெருக்கி, வெடித்து, புகையைத் தள்ளுகிறது என்று ஜெனி சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டி தம் தம் என்று தாளம் போட்டது. அவள் சொல்லி முடிக்கவும் அது இருமி, தும்மி, நின்றது. சுற்றி நின்ற பிள்ளைகள் "ஐயோ" என்றார்கள்.

"இப்ப நீங்கதான் டாக்டர், சார்" என்றாள் ஜெனி. "என்ன வியாதின்னு சொல்லுங்க."

"பிளக்" என்றார் ஒருவர். "கார்பரேட்டர்ல தூசி" என்றார் இன்னொருவர். பாலிடெக்னிக் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, டைமிங்கைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார். ஜெனி எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் மூடியில் ஓட்டை போட்ட ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், அடியிலும் ஒரு ஓட்டை. அடி ஓட்டையை விரலால் பொத்திக் கவிழ்த்தாள். தண்ணீர் வரவில்லை. விரலை எடுத்தாள். கொட்டியது, வாத்தியாரின் செருப்பு மேல்.

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். டேப்பை அவரே உரித்து எடுத்தார். "அருமை. ஆனா நெசமா இப்படி நடக்குமாம்மா? இந்த ஓட்டையப் போயி எவன் அடைப்பான்?"

நான் வேப்ப மரத்துக்குப் பின்னால் நகர்ந்தேன்.

"எங்க அப்பா சார்" என்றாள் ஜெனி, சத்தமாக. "அவங்க படகு ஒட்டுறவங்க. ஓட்டையப் பாத்தா அவங்களுக்குப் பொறுக்காது. அவங்க அடச்ச படகு ஒண்ணுகூட இதுவரைக்கும் கடல்ல தண்ணி வாங்கல. இதையும் அப்படித்தான் அடச்சாங்க. ஒரு பொட்டு காத்து போவல சார்."

எல்லாரும் திரும்பி மரத்தைப் பார்த்தார்கள். மரம் ஒல்லி. நான் தெரிந்தேன். கும்பிட்டேன்.

முதல் பரிசு எரிமலைக்கே போனது. இந்த வருடம் அதில் சிவப்பு விளக்கும் வைத்திருந்தார்கள். ஜெனிக்கு இரண்டாவது. ஆனால் அவள் மேசைக்கு முன்னால் சாயங்காலம் வரை கூட்டம் குறையவில்லை. நாற்பது தடவையாவது வண்டியை நிற்க வைத்தாள்.

கிளம்பப் போகும்போது சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "நீங்க அடச்சா ஒரு பொட்டு காத்து போகாதாமே? விடுதி மாடியில தண்ணி டாங்கி ஒழுகுது. ரெசின் வாங்கி வச்சிருக்கோம். ஒரு பத்து நிமிஷம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரெசினும் துணியுமாக ஏணியில் ஏறினேன். கீழே விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேரும் அண்ணாந்து நின்றார்கள். டாங்கியைச் சுற்றிப் பார்த்தேன். அடியில் ஒரு விரிசல். மேலே ஓரத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. மூடியில் சின்னதாக இன்னொன்று. கை பரபரவென்றது. பிரஷ்ஷை ரெசினில் முக்கினேன். முக்கியதை அப்படியே பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன்.

"ஜெனி! இங்கன மூணு ஓட்ட இருக்கு. இதுல எத அடைக்க?"

விடுதியே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை நான் பிரஷ்ஷோடு காத்திருந்தேன்.

"தண்ணி ஒழுகுறத மட்டும் அடைங்கப்பா" என்று கத்தினாள் ஜெனி. "மத்ததத் தொடாதீங்க. இருங்க, நான் மேல வாரேன்."